பச்சை டிக் விழாத கடிதம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கேள்வி அக்கா. பஸ் ஓட்டும் அவர் கணவர் ஒருநாள் சாமான் பட்டியலில் ‘கொஞ்சம் வெங்காயம்’ என்று எழுதிக் கொடுத்தாராம். அக்கா ‘கொஞ்சம் என்றால் எத்தனை கிலோ?’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மனிதர் அதை இன்றும் பர்ஸில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்.

நாங்கள் வேலை பார்ப்பது ஒரு தரவுக் காப்பகத்தில். ஆய்வாளர்கள் புரதத்தைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து, அதிலுள்ள அணுக்கள் ஒவ்வொன்றும் என்ன பதில் தருகிறது என்று எண்களாகக் குறிப்பார்கள். அந்த எண்கள் எங்களிடம் வரும். அக்கா அவற்றைச் சரிபார்த்துப் பதிவு எண் கொடுப்பார். அதன் பிறகு உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அவர் மீறாத சட்டம் ஒன்று உண்டு. அனுப்பியவர் எண்ணில் நாமாகக் கை வைக்கக் கூடாது. தப்பாகத் தெரிந்தால் எழுதிக் கேட்க வேண்டும். மின்னஞ்சலில் வந்த கடிதங்களை அச்செடுத்துப் பதிவு எண் வாரியாக அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறார். சொன்னதைச் செய்து முடித்தால் கடிதத்தின் மூலையில் பச்சை டிக். கம்ப்யூட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று நான் பலமுறை கிண்டல் செய்திருக்கிறேன்.

போன மாதம் நான் ஒரு நிரல் எழுதினேன். தராசின் முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் எதை வைத்தாலும் எடை ஒரே அளவில் கூடும், இல்லையா? அதே போல அளவின் தொடக்கப் புள்ளியைத் தவறாக வைத்தவர்களின் கார்பன் அணு எண்கள் எல்லாம் ஒரே அளவு நகர்ந்திருக்கும். அப்படிப்பட்ட பதிவுகளை என் நிரல் பிடித்துக் கொடுத்தது. அனுப்பியவர்களின் பெயரோடு அந்தப் பட்டியலை வெள்ளிக்கிழமை வெளியிடுவதாக ஏற்பாடு. முதலிடத்தில் பதினெட்டு வருடத்துக்கு முந்தைய பதிவு ஒன்று. அதை அனுப்பியவர் அப்போது ஆராய்ச்சி மாணவர். கவனமில்லாத வேலைக்கு உதாரணமாக அதை ஒரு கட்டுரை ஏற்கெனவே காட்டியிருந்தது. எனக்கு ஒரே குஷி.

“வெளியிடறதுக்கு முன்னாடி நான் ஒருதடவை பார்க்கணும் தம்பி” என்றார் அக்கா.

புதன்கிழமை மதியம் பெட்டியைத் திறந்தவர் வெகுநேரம் நிமிரவே இல்லை. எட்டிப் பார்த்தேன். அந்த மாணவரின் கடிதம். ‘தொடக்கப் புள்ளியைத் தவறாக வைத்துவிட்டேன். திருத்திய கோப்பை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.’ கீழே அக்காவின் கையெழுத்தில், ‘மாற்ற வேண்டும்.’ மூலையில் டிக் இல்லை.

“எனக்கு வந்திருக்கு. நான்தான் மாத்தல” என்றார்.

கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். அதற்கு மறுநாள்தான் அக்காவின் மகள் பிறந்த நாள். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்க, வலி முன்னாலேயே வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்.

பொறுப்பாளரிடம் போனோம். அடுத்த மாதம் எங்கள் காப்பகத்தைத் தொடர்ந்து நடத்தலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு வருகிறது. அந்தக் கவலை அவருக்கு.

“மேடம், கோப்பை மாத்திடுங்க. ‘தொழில்நுட்பத் திருத்தம்’னு ஒரு வரி போட்டா போதும். யாரு தோண்டிப் பார்க்கப் போறாங்க?”

“அப்படிப் போட்டா தப்பு அவரோடதுன்னுதான் இருக்கும் சார். அவர் அன்னிக்கே சொல்லிட்டாரு.”

பொறுப்பாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அப்புறம் உங்க இஷ்டம்” என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. “பிரசவ நேரம்னாவது எழுதுங்கக்கா.”

“என் பொண்ணு மேல பழியைப் போடச் சொல்றியா?”

அக்கா கோப்பை மாற்றிவிட்டு, பூசி மெழுகாமல், பதிவின் வரலாற்றில் இப்படி எழுதினார்: ‘அனுப்பியவர் பதினெட்டு வருடத்துக்கு முன்பே திருத்தத்தை அனுப்பிவிட்டார். சேர்க்காமல் விட்டது நான்.’ கீழே தன் முழுப் பெயர். என் பட்டியலிலிருந்து அந்த மாணவரின் பெயரை நான் எடுத்தேன். இத்தனை நாள் அந்த மனிதரை இளக்காரமாக நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

பிறகு அக்கா அவருக்கு எழுதினார். பழைய மின்னஞ்சல் முகவரி செத்துப் போயிருந்தது. தேடிப் பிடித்தால், ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர். திங்கட்கிழமை பதில் வந்தது. அக்கா படித்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார்.

‘அந்தக் கட்டுரை வந்ததும் என் பேராசிரியர் என்னை நம்பவில்லை. பழைய மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்டுவிட்டது. காட்ட என்னிடம் எதுவும் இல்லை. திருத்தம் அனுப்பினேன் என்று சில வருடம் எல்லோரிடமும் சொன்னேன். பிறகு, அனுப்பியிருக்க மாட்டேன் என்று எனக்கே தோன்றிவிட்டது. கடிதத்தின் நகல் ஒன்று கிடைக்குமா? என் மனைவியிடம் காட்ட வேண்டும்.’

அக்கா கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் மெஷினுக்குப் போனார். முதல் நகலில் தேதி மங்கலாக விழுந்திருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தார்.