பட்டாசு டீச்சரின் தொண்ணூற்று நான்கு கேள்விகள்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் டீச்சருக்கு வைத்திருந்த பெயர் பட்டாசு. கோபக்காரர் என்பதால் அல்ல. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு பிள்ளையைக்கூடக் கை நீட்டி அடித்ததில்லை. வகுப்புக்குள் காலெடுத்து வைத்ததும் கேள்விகள் வெடிக்க ஆரம்பிக்கும், மணி அடிக்கிற வரை ஓயாது. பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் அதில் ஒரு பெருமைதான். கேள்வி கேட்டுப் பாடம் நடத்துகிறவர் என்றால் அந்தப் பள்ளியில் அவரைத்தான் சொல்வார்கள். புதிதாகச் சேருகிறவர்களை, "போய் அவங்க கிளாஸைப் பாருங்க" என்று தலைமையாசிரியையே அனுப்பிவைத்த காலம் உண்டு.

ஆள் குள்ளம், நடை வேகம். மற்றவர்கள் படி ஏறுவார்கள், இவர் படிகளைத் துரத்துவார். தோளில் தொங்கும் பையில் இரண்டு காந்தம், ஒரு டார்ச், உடைந்த வெப்பமானி, நாலைந்து பலூன் எப்போதும் இருக்கும். கைக்குட்டை மட்டும் இருக்காது. சேலை முந்தானையில் சாக்பீஸ் தூள் அப்பியிருக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவர். அவசரம் என்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் டீச்சர் ஆரம்பித்துவிடுவார். "சாப்பிட்டீங்களா? எங்க சாப்பிட்டிருக்கப் போறீங்க. பசிக்குதா? பசிக்காம இருக்குமா. குளிச்சிட்டு உக்காரறீங்களா? சரி, முதல்ல குளிங்க." கணவர் குளிக்கப் போய்விடுவார். இருபத்தாறு வருஷ இல்லறத்தில் அவர் பதில் சொல்லவேண்டிய நெருக்கடி அநேகமாக வந்ததே இல்லை. இந்த வீட்டில் சண்டையே கிடையாது என்று அக்கம்பக்கத்தில் நல்ல பெயர்.

சிக்கல் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பி, எதிரே ஒரு கட்டு விடைத்தாளைத் தள்ளினார். எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக வைத்த தேர்வு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தில் இருந்ததை அச்சுப் பிசகாமல் எழுதியிருந்தார்கள். 'ஏன்' என்று கேட்ட இடமெல்லாம் வெள்ளைவெளேரென்று கிடந்தது.

"நீங்க மாடா உழைக்கிறீங்க, அதுல யாருக்கும் சந்தேகமில்லை" என்றார் தலைமையாசிரியை. அந்த வாக்கியம் எங்கே போய் நிற்கும் என்பது டீச்சருக்கு உடனே புரிந்துவிட்டது. "இன்னும் ரெண்டு வாரத்துல ஆய்வு அதிகாரி வராரு. உங்க எட்டாம் வகுப்புலதான் உக்காருவாரு. அவர் ரிப்போர்ட் சரியா வரலேன்னா, எட்டாவதைப் புதுசா வந்த பொண்ணுகிட்ட கொடுக்கறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை. நீங்க லைப்ரரியையும் லேப் சாமான் கணக்கையும் பாத்துக்கங்க."

லைப்ரரி என்பது மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை. அங்கே கேள்வி கேட்டால் பதில் சொல்ல மூன்று பீரோக்கள் உண்டு.

அன்று மதியம் டீச்சர் நேராகப் புவியியல் சாரிடம் போனார். அவருக்கும் ஒரு பெயர் உண்டு: சாவகாசம். டீச்சரைவிடப் பத்து வயது சின்னவர். பள்ளியிலேயே பெரிய சோம்பேறி என்று டீச்சர் அவரைப் பற்றிப் பலமுறை சொல்லியிருக்கிறார், அவர் முகத்துக்கு நேராகவே. ஆனால் அதே எட்டாம் வகுப்பு அவருடைய தாளில் 'ஏன்' எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தது. இதுதான் டீச்சருக்குச் சோறு இறங்காமல் செய்த விஷயம்.

"சார், நாளைக்கு என் கிளாஸ்ல வந்து உக்காருங்க. நான் கேக்கற கேள்வியை எண்ணுங்க."

"எண்ணணுமா? உக்காந்தே எண்ணலாம் இல்ல?"

"படுத்துக்கூட எண்ணுங்க. எண்ணினாப் போதும்."

மறுநாள் வகுப்பு முடிந்ததும் சாவகாசம் சார் ஒரு பழைய சுற்றறிக்கையின் பின்பக்கத்தை நீட்டினார். கோடு கோடாக, வேலி போட்ட மாதிரி இருந்தது.

"நாப்பது நிமிஷத்துல தொண்ணூத்திநாலு கேள்வி டீச்சர். கை வலிச்சுப் போச்சு."

டீச்சர் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே."

"இருங்க, இன்னும் இருக்கு. பத்தொன்பது கேள்வி 'புரிஞ்சுதா, சரிதானே' வகை. அதுக்கு மொத்த கிளாஸும் 'ஆமா டீச்சர்'. முன்பெஞ்சுல கண்ணாடி போட்ட பொண்ணும் அவ பக்கத்துல இருக்கற ரெண்டு பேரும் சேந்து பதினாலுக்குப் பதில் சொன்னாங்க. மிச்சம் அறுபத்தொண்ணு."

"அது?"

"அதுக்கெல்லாம் நீங்களே பதில் சொல்லிட்டீங்க. எல்லாமே கரெக்டு. நல்ல ஸ்டூடண்ட் நீங்க."

டீச்சருக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, கடைசியில் இரண்டும் போனதும் சுற்றறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நீங்க என்னதான் பண்றீங்க?" என்றார்.

"ஒண்ணும் பண்றதில்லை. ஒரு கேள்வி கேப்பேன். கேட்டுட்டு ஜன்னல் வழியா மரத்தைப் பாப்பேன். திரும்பினா நாலு கை தூக்கியிருக்கும்."

"பசங்க யோசிக்கட்டும்னு மரத்தைப் பாக்கறீங்க?"

"சேச்சே. மரம் நல்லாருக்கு, பாக்கறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே தொடர்ந்தார். "அப்புறம், யாராவது பதில் சொன்னா சரின்னும் சொல்றதில்லை தப்புன்னும் சொல்றதில்லை. சரின்னுட்டா மிச்சப் பேரு நோட்டை மூடிடறாங்க. 'எதை வச்சு சொல்றே'ன்னு கேப்பேன். இல்லேன்னா அடுத்தவனைப் பாத்து 'நீ என்ன சொல்றே'ன்னு தள்ளிவிட்டுடுவேன். எனக்கும் வேலை மிச்சம்."

வேலை செய்யாதவர் வகுப்பில் பிள்ளைகள் வேலை செய்தார்கள். வேலையே கதியென்று கிடந்தவர் வகுப்பில் பிள்ளைகள் ஓய்வெடுத்தார்கள். இருபத்திரண்டு வருஷ உழைப்புக்கு இப்படி ஒரு கணக்குத் தீர்ப்பு வரும் என்று டீச்சர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தன் சாமர்த்தியத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்தது. சும்மா இருப்பது ஒரு பெரிய வித்தையா என்ன?

பெரிய வித்தைதான். மறுநாள் வகுப்பில், "வெயில்ல நிறுத்தின சைக்கிள் டயர் ஏன் வெடிக்குது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடினார். முதல் விநாடியில் நாக்கு துடித்தது. இரண்டாவது விநாடியில் கைவிரல்கள் மேஜையில் தாளம் போட்டன. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டாசு நமுத்துப்போய் யாரும் பார்த்ததில்லை. டீச்சருக்குத் தலைசுற்றல் என்று முடிவுகட்டிய முன்பெஞ்சுக் கண்ணாடி எழுந்து ஓடி வந்து தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டியது.

"குடிங்க டீச்சர். ஒண்ணும் ஆகாது."

டீச்சர் வாங்கிக் குடித்தார். குடிக்கிறபோது பேச முடியாது அல்லவா? நாலு மிடறு இறங்குவதற்குள் ஜன்னலோரத்தில் ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. பாட்டிலை இறக்கியபோது ஏழு கைகள்.

அன்று மாலையே டீச்சர் ஒரு லிட்டர் பாட்டில் வாங்கினார். கேள்வி கேட்பார், மூடியைத் திருகுவார், குடிப்பார், மூடுவார். கேள்விகள் தொண்ணூற்று நான்கிலிருந்து முப்பதுக்கு வந்தன, பிறகு பத்துக்கு. டீச்சர் பாட்டிலைத் தொட்டால் கேள்வி பெரியது என்று பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. யார் பதில் சொன்னாலும் அடுத்தவர் "எதை வச்சு சொல்றே?" என்று கேட்கவேண்டும் என்பது வகுப்பின் சட்டமாயிற்று. நாலாவது பீரியட் முடிந்ததும் டீச்சர் எங்கே அப்படி ஓடுகிறார் என்று ஆசிரியர் அறையில் யாரும் கேட்கவில்லை. அதற்கு விடை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டிலும் பயிற்சி நடந்தது. ஒரு சாயங்காலம் கணவர் வந்து உட்கார்ந்ததும், "டீ போடவா, காபி போடவா?" என்று கேட்டுவிட்டு டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். கணவர் நிமிர்ந்து பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா உனக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். சொல்லுங்க."

கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கு ரெண்டுமே அவ்வளவாப் பிடிக்காது. வெந்நீர் போதும்."

"இருபத்தாறு வருஷமா குடிக்கிறீங்களே."

"நீ கேப்பே. நான் சொல்றதுக்குள்ள டம்ளர் வந்துடும்."

டீச்சர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அன்றிரவு கணவர் தன் முதலாளியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நிறுத்துவது எப்படி என்று டீச்சருக்குத் தெரியவில்லை.

ஆய்வு நாளும் வந்தது. அதிகாரி உயரமானவர், மடிப்புக் கலையாத சட்டை, மடியில் ஒரு படிவம். கடைசி பெஞ்சில், எப்போதும் கொட்டாவி விடுவதால் கொட்டாவி என்றே பெயர் வாங்கிய நெட்டைப் பெண்ணுக்குப் பக்கத்தில் அவருக்கு இடம். வாசலில் தலைமையாசிரியை.

டீச்சர் இரண்டு ஐஸ் கட்டிகளை எடுத்தார். ஒன்றைத் தட்டில் வைத்தார். இன்னொன்றைத் தடித்த கம்பளி ஸ்வெட்டரில் சுற்றி இன்னொரு தட்டில் வைத்தார். ஸ்வெட்டர் தலைமையாசிரியையுடையது, எதற்கு என்று சொல்லாமல் காலையில் இரவல் வாங்கியிருந்தார்.

"இதுல எது முதல்ல உருகும்? ஏன்?"

பாட்டிலைத் திருகினார். வகுப்பில் சத்தமே இல்லை. பிள்ளைகளுக்கு அது பழகிய அமைதி. பழகாதவர் ஒருவர் மட்டும் கடைசி பெஞ்சில் நெளிந்தார். மூன்று விநாடி. அதிகாரி தலைமையாசிரியையைப் பார்த்தார். ஐந்து விநாடி. இந்தம்மாவுக்குப் பாடம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று அவருக்கு இரக்கம் பிறந்தது. ஏழாவது விநாடியில் அவர் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"சுத்தி வச்சதுதாம்மா. கம்பளி சூடாச்சே."

முப்பத்தெட்டுத் தலைகள் திரும்பின. முன்பெஞ்சுக் கண்ணாடி எழுந்தது. பதில் சொன்னது யாராயிருந்தாலும் சட்டம் சட்டம்தானே.

"எதை வச்சு சொல்றீங்க சார்?"

தலைமையாசிரியை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். டீச்சரின் வாய்க்குள் அதிகாரியைக் காப்பாற்றக்கூடிய வாக்கியங்கள் வரிசைகட்டி நின்றன. ஒரே ஒரு வாக்கியம் போதும். எல்லோரும் சிரித்து மழுப்பிவிடலாம், எட்டாம் வகுப்பும் கையைவிட்டுப் போகாது. பாட்டிலை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். காலி. காலி பாட்டிலையே உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

"கம்பளி போட்டா நமக்கு சூடா இருக்குல்ல, அதை வச்சுத்தான்" என்றார் அதிகாரி.

பக்கத்தில் இருந்த கொட்டாவி அவரைத் திரும்பிப் பார்த்தது. "சார், ஸ்வெட்டர் பீரோவுல இருக்கறப்ப தொட்டா சூடாவா இருக்கு?"

அதிகாரி பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தினார். பேனாவைச் சட்டைப்பையில் சொருகினார். உண்மையிலேயே யோசிக்கிற மனிதரின் முகம் கொஞ்சம் அசட்டுத்தனமாக இருக்கும். அவருடையதும் அப்படி ஆயிற்று. அதற்குள் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. கம்பளியே சூடுதான் என்றது அதிகாரியின் கட்சி. சூடு நம் உடம்பிலிருந்துதான் வருகிறது, ஸ்வெட்டர் அதை வெளியே விடுவதில்லை என்றது இன்னொரு கட்சி. அப்படியானால் வெளியே இருக்கிற சூட்டையும் அது உள்ளே விடாதே என்று அதே கட்சியில் ஒருவன் குழம்பினான். அது குழப்பம் இல்லை, அதுதான் விடை என்று அவனுக்குச் சொல்ல டீச்சருக்கு நாக்கு பரபரத்தது. சொல்லவில்லை.

மணி அடித்தும் யாரும் எழவில்லை, அதிகாரி உட்பட. தட்டில் இருந்த கட்டி தண்ணீராகியிருந்தது. ஸ்வெட்டரைப் பிரிக்க அதிகாரியே வந்தார். உள்ளே பாதிக்கு மேல் ஐஸ் அப்படியே இருந்தது.

"தோத்துட்டேன்" என்றார். அவரோடு கம்பளிக் கட்சியில் இருந்த பன்னிரண்டு பேர், "நாங்களும்தான் சார்" என்று ஆறுதல் சொன்னார்கள்.

அறிக்கை மூன்று நாள் கழித்து வந்தது. தலைமையாசிரியை டீச்சரை உட்காரவைத்து வாசித்தார். 'ஆசிரியர் கேட்ட கேள்விகள்: ஏழு. எதிர்பார்க்கப்படுவது: இருபத்தைந்து. மதிப்பெண்: மிகக் குறைவு.' டீச்சர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். தொண்ணூற்று நான்கு கேட்ட காலத்தில் யாரும் படிவத்தோடு வரவில்லையே. 'வகுப்பில் அமைதி: இல்லை.' தலைமையாசிரியை தாளைத் திருப்பினார். அங்கே படிவத்தில் இல்லாத ஒரு கட்டத்தை அதிகாரி கையால் கோணலாக வரைந்திருந்தார். 'மாணவர்கள் கேட்ட கேள்விகள்: பதினாறு. அவற்றில் இரண்டு என்னிடம். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த வகுப்பை இந்த ஆசிரியரிடமிருந்து மாற்றவேண்டாம்.'

"எட்டாவது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் தலைமையாசிரியை. "ஸ்வெட்டர் மட்டும் இன்னும் காயலை."

டீச்சர் படிகளைத் துரத்திக்கொண்டு மேலே போனார். எட்டாம் வகுப்புக்குள் ஒரே கூச்சல். போர்டில் யாரோ டம்ளர் படம் போட்டு, அதைச் சுற்றி ஸ்வெட்டர் வரைந்திருந்தார்கள். சூடான பாலை அப்படிச் சுற்றிவைத்தால் என்னவாகும் என்று முன்பெஞ்சுக் கண்ணாடி கேட்க, நாலு பேர் எதை வச்சு சொல்றே எதை வச்சு சொல்றே என்று மல்லுக்கு நின்றார்கள். டீச்சர் வாசலில் நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. போராடி மீட்ட வகுப்பு; அதில் தன்னைத் தேட ஆளில்லை என்றதும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் ரோஷமாகவும் இருந்தது. ஓசைப்படாமல் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க டீச்சர்" என்றது கொட்டாவி. "போர்டு மறைக்குது."