ஏலத்தில் எடுத்த சிறுத்தை

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு அந்த வருசம் பூசணிக்காய், வாழைக்குலைகளோடு ஒரு பழைய படமும் வந்தது. நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் மிஷன் பங்களாவில் இருந்த வெள்ளைக்காரர் ஆரல்வாய்மொழி மலையை வரைந்தது. ஓடையில் ஒரு மிளா மான் தண்ணீர் குடிக்கும். பாறைமேலிருந்து சிறுத்தை அதையே பார்க்கும்.

எனக்கு அதில் ஆசையே இல்லை. ஆனால் குவைத்திலிருந்து வந்திருந்த தம்பி ஏலம் கேட்டதும் வயிறு எரிந்தது. மாடி வீடு, கார், இப்போது இதுவும் அவனுக்கா? அவன் ஏற்ற ஏற்ற நானும் விடவில்லை. படம் எனக்கே விழுந்தது.

சர்ச் வாசலில் தம்பி சிரித்தான். "எனக்கு எதுக்குண்ணே அந்தப் படம்? சபைக்கு நாலு காசு கூடக் கெடைக்கட்டும்னுதான் ஏத்திவிட்டேன்."

இப்போது அது என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. சிறுத்தை முறைத்துக்கொண்டே இருக்கிறது. மிளா ஒரு நாளும் தலை தூக்கிப் பார்த்ததில்லை.