ஈரப்பஞ்சில் ஒரு பூரான்

கோதாவின் வீட்டில் எறும்புக்குக் கிடைக்கும் மரியாதை சில மாப்பிள்ளைகளுக்குக்கூடக் கிடைக்காது. தென்திருப்பேரையில் அவள் அம்மா செங்கமலவல்லி, சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறிவிட்டால் டப்பாவை வெயிலில் திறந்து வைத்துவிட்டு, கடைசி எறும்பு இறங்கிப் போகும் வரை காப்பியைத் தள்ளிப் போடுவாள். கரப்பானை முறத்தில் ஏந்தி வாசலில் விடுகிற வீடு. அந்த வீட்டுப் பெண் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்தாள் என்றால், அறுத்துப் பார்க்கிற பாடமெல்லாம் இப்போது கம்ப்யூட்டர் திரைக்குப் போய்விட்டதுதான் காரணம். பட்டம் வாங்கும் வரை அவள் கையால் கொசுவைத் தவிர எதுவும் செத்ததில்லை. கொசுவுக்கு மட்டும் அந்த வீட்டிலும் சலுகை கிடையாது.

அவள் பேரில் சொல்லக்கூடிய கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. பூந்தொட்டியைக் கண்டால் நகர்த்திப் பார்ப்பாள். தொட்டிக்கு அடியில் ஈரத்தில் என்னவெல்லாம் சுருண்டு கிடக்கிறது, எது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். துளசி மாடத்தை மட்டும் அம்மா தொடவிடவில்லை.

மண்ணில் வாழும் உயிர்களை ஆராயவும் காக்கவும் இளம் விஞ்ஞானிகளுக்குப் பயிற்சி என்று தூத்துக்குடிக் கல்லூரி ஒன்று அறிவித்தபோது, வங்கித் தேர்வுக்கு வாங்கி வைத்திருந்த புத்தகங்களை அப்படியே மூடிவிட்டுப் பஸ் ஏறினாள். பயிற்சி கொடுத்தவர் நாசரேத்துக்காரரான ஈவாஞ்சலின். இன்னும் முப்பது வயதாகவில்லை. முதல் நாள் பாடம் எதுவும் நடத்தவில்லை. ஆளுக்கொரு கரண்டி மண்ணும் ஒரு லென்சும் கொடுத்துவிட்டு, சும்மா பார்த்துக்கொண்டிருங்கள் என்று போய்விட்டார். கோதாவின் கரண்டி மண்ணில் எள்ளில் பாதிகூட இல்லாத வெள்ளைப் புள்ளி ஒன்று திடீரென்று எம்பிக் குதித்தது.

"இது என்ன மிஸ்?"

"இந்தக் கூட்டத்துக்கு வால்துள்ளின்னு பேரு. ஆனா இது அதுல எந்த ஆளுன்னு எனக்கே தெரியாது. இன்னும் யாரும் பேரு வைக்காததாக் கூட இருக்கலாம்."

அன்று கோதாவுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

கல்லூரிக்குப் பின்னால் மதில் ஓரமாக ஒரு பழைய உடைமரம் நிற்கிறது. முள்ளுக்குப் பயந்து யாரும் அங்கே பெருக்கப் போனதில்லை. பல வருஷத்துச் சருகு அப்படியே மக்கிக் கிடந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் துறைமுகத்துக்குப் போகிற லாரிகளும் உப்புக் காற்றும். அந்த இடம் முழுக்கச் சிமெண்டுக் கல் பதித்து, பைக் நிறுத்தப் போகிறார்கள் என்று பயிற்சியின் இரண்டாம் வாரம் தெரிந்தது. ஈவாஞ்சலின் கல்லூரி முதல்வரிடம் போய்ப் பேசினார். முதல்வர் எஸ்றா கெட்டவர் இல்லை. பிள்ளைகளின் வண்டி வெயிலில் காய்கிறதே என்பது அவர் கவலை.

"வெறும் முள்ளுக்காடுல்லா அது. உள்ள உசுரு இருக்குன்னு சொல்லுதீங்க. சரி, வெள்ளிக்கிழமை வாரேன், காட்டுங்க. இருந்தா யோசிப்போம். இல்லன்னா சனிக்கிழமை கல்லு இறங்கிரும்."

மதில் ஓரம், திறந்த வெளி என்று ஆளுக்கொரு இடத்தில் மண் எடுத்தார்கள். மரத்தடியைக் கோதா கேட்டு வாங்கிக்கொண்டாள். மண்ணைப் புனலில் சல்லடை மேல் பரப்பி, மேலே பல்பு எரியவிட வேண்டும். சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பயந்து உள்ளே இருப்பதெல்லாம் கீழே கீழே இறங்கி, கடைசியில் புனலின் வாயில் வைத்திருக்கும் ஸ்பிரிட் பாட்டிலில் விழும். விழுந்ததும் செத்துவிடும். அதன் பிறகுதான் எண்ணுவது, அடையாளம் பார்ப்பது எல்லாம்.

ஸ்பிரிட்டை ஊற்றப் போன கோதாவின் கை நின்றுவிட்டது. உயிருக்குப் பயந்து இறங்கி வருகிறவர்களுக்குக் கீழே சாவை வைத்துக் காத்திருப்பதா? வீட்டில் எறும்புக்கு வெயிலில் டப்பா திறந்து வைக்கிறார்கள். இது தலைகீழாக அல்லவா இருக்கிறது? யாரிடமும் சொல்லாமல், பாட்டிலை எடுத்துவிட்டு ஈரப்பஞ்சு விரித்த கண்ணாடிக் கிண்ணத்தை வைத்தாள். சுற்றிலும் கறுப்புத் துணியைக் கட்டினாள். உயிரோடு பிடித்து, எண்ணி, மரத்தடியிலேயே திரும்ப விட்டுவிடலாம் என்பது கணக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் துணியை அவிழ்த்தாள். கிண்ணத்தில் ஒரே ஒரு குட்டிப் பூரான் இருந்தது. நல்ல கொழுத்த பூரான். அதைச் சுற்றிப் பஞ்சு முழுக்க உடைந்த கால்களும் வெறும் கூடுகளும் ஒட்டிக் கிடந்தன.

பக்கத்துப் புனல்காரியான அமலோற்பவம் எட்டிப் பார்த்தாள். திரேஸ்புரத்தில் மீன்பிடிக் குடும்பம் அவளுடையது.

"ஏளா கோதா, நண்டையும் றாலையும் ஒரே வாளியில உசுரோட போட்டு மூடிட்டுப் போயிருக்கியே. எங்க வீட்டுல சின்னப்பிள்ள கூட இந்த வேல பாக்காது."

கோதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒன்றையும் கொல்லக் கூடாது என்று நினைத்து அத்தனையையும் சாகக் கொடுத்திருக்கிறாள். மறுபடியும் மண் எடுத்தால் மூன்று நாளாவது ஆகும். முதல்வரோ படியேறி வந்துகொண்டிருந்தார்.

மற்றவர்களின் பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார் எஸ்றா. அடியில் கொஞ்சம் படிந்திருந்தது. "கருவாட்டுத் தூள் மாதிரி இருக்கு," என்றார். மரத்தடிப் பாட்டில் எங்கே என்று கேட்டார். கோதா கிண்ணத்தை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள்.

கண்ணை வைத்தவர் நிமிரவில்லை.

"என்ன செய்யுது இது?"

"காலைச் சுத்தம் பண்ணுது சார். வாய்க்குள்ள விட்டு விட்டு எடுக்கும்."

"இத்தன காலையுமா?"

"ஒவ்வொண்ணா, சார்."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசிக் கால் வரைக்கும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு கேட்டார்: "எதத் தின்னு இப்படிக் கொழுத்திருக்கு?"

"கூட விழுந்த எல்லாத்தையும் சார். நான் ஸ்பிரிட் ஊத்தல. என் தப்பு. எத்தனை இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நிறைய இருந்துச்சுன்னு சொன்னா அது பொய்."

ஈவாஞ்சலின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்றா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அப்ப எப்படித் தெரிஞ்சிக்கிடப் போறீங்க?"

"இன்னொரு தடவை மண் எடுக்கணும் சார்." கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "ஸ்பிரிட்ல."

"செவ்வாக்கிழம வரைக்கும் கல்லு வேண்டாம்னு சொல்லுதேன். அதுக்கு மேல எங்கிட்ட கேக்கப்படாது."

இந்தத் தடவை பாட்டிலில் ஸ்பிரிட்டை அவளே ஊற்றினாள். சாயங்காலம் அம்மா போனில் வந்தாள்.

"ஏன்டி குரல் ஒரு மாதிரி இருக்கு? பூச்சியெல்லாம் கொல்லச் சொல்றாளா அங்க?"

"யாரும் சொல்லலம்மா. நானேதான். கொஞ்சத்தை எடுத்துக் காட்டினாத்தான் மிச்சத்தை விட்டு வைப்பா."

மறுமுனையில் டம்ளரை நங்கென்று வைக்கிற சத்தம் கேட்டது. செங்கமலவல்லிக்குக் கோபம் வந்தால் இப்படித்தான். பிறகு சொன்னாள்: "அப்போ ஒண்ணு விடாம எண்ணு. அதையாவது செய்."

கோதா எண்ணினாள். வால்துள்ளிகள், மிளகை நறுக்கிப் போட்டதுபோல் மின்னும் சிற்றுண்ணிகள், கொடுக்கு இருந்தும் வாலில்லாத பொய்த்தேள்கள், பெயரே தெரியாத ஏதேதோ. முந்நூறைத் தாண்டும்போது ஒரு பொய்த்தேள் வயிற்றுக்கடியில் முட்டைப் பையோடு கிடந்தது. அதைப் பார்த்ததில் கணக்கு விட்டுப்போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை எஸ்றா கேட்டார். "எத்தன?"

"ஒரே ஒரு புனல் மண்ணுல நானூத்திப் பதினேழு சார்."

"சரியா எண்ணுனியாம்மா?"

"முதல்லேருந்து ரெண்டு தடவை சார்."

"ரெண்டு தடவையா? எதுக்கு?"

"நான் கொன்னது சார்."

எஸ்றா போனை எடுத்து, மரத்தின் நிழல் விழுகிற இடம் வரைக்கும் கல் பதிக்க வேண்டாம் என்று ஒப்பந்தக்காரரிடம் சொன்னார். பைக்குகள் இன்னும் வெயிலில்தான் காய்கின்றன. சீட்டில் உட்கார்ந்து துள்ளி எழுகிற பிள்ளைகள் யாரையோ திட்டுகிறார்கள்.

அன்று சாயங்காலமே கோதா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முள்ளுக்குள் குனிந்து போனாள். நாலு நாளாகப் பட்டினி கிடந்த பூரான், பஞ்சை விட்டு இறங்கிச் சருகுக்குள் ஓடி மறைந்தது. அங்கே அதற்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அது அவள் எண்ணிப் பார்த்த விஷயம்.