சாவியும் உள்ளே, நானும் உள்ளே

போன வருஷம், மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் நான் சாகப் பார்த்தேன். விபத்து, வெட்டுக்குத்து என்று கௌரவமான காரணம் எதுவும் கிடையாது. ஜனங்கள் ஆன்லைனில் வாங்கிய பார்சல்களுக்கு நடுவே, நான் ஓட்டுகிற வேனுக்குள், என்னை நானே பூட்டிக்கொண்டு.

எனக்கு வயது ஐம்பதைத் தொடப் போகிறது. வீடு சுங்கை பினாங் அடுக்குமாடியில். காலையில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிடங்கில் வேனை நிரப்பிக்கொண்டு தீவுக்கு வருவேன், காலியானதும் திரும்புவேன். கூட வேலை செய்கிறவர்கள் நடுவில் நான்தான் கோமாளி. யாராவது பயந்தால் அதை நடித்துக் காட்டி ஒரு வாரம் ஓட்டுவேன். அந்தப் பாவம்தான் சுற்றி வந்து பிடித்தது என்று என் மனைவி சொல்கிறாள்.

முன்பு வேனில் இரண்டு பேர் போவோம். நான் ஓட்டுவேன், கூட வரும் உதவியாள், கெலிண்டான் என்போம், இறங்கி ஓடிப் பார்சலைக் கொடுத்துவிட்டு வருவான். வேகமும் சிக்கனமும் வேண்டும் என்று கம்பெனி யோசித்தது. கெலிண்டானை எடுத்துவிட்டுக் கைப்பேசியில் ஒரு செயலியைக் கொடுத்தார்கள். முதலில் எந்த வீடு, எந்தச் சந்தில் திரும்புவது, எல்லாம் அது சொல்லும். பார்சல் திருட்டுப் போகிறது என்று ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு அடித்தார்கள். பின்கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்றும் வைத்தார்கள். வெளியிலிருந்து சாவி போட்டால்தான் அது திறக்கும். உள்ளே இருந்து திறக்க வழியில்லை. பார்சல்கள் தாமாக இறங்கிப் போகப் போவதில்லை என்று நினைத்திருப்பார்கள்.

எல்லாம் சொல்லும் அந்தச் செயலி, வேனை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் சொல்லாது. அந்தப் பழைய கடைவீதியில் இடமே இல்லை. எனக்கு வாய்த்த ஒரே இடம் ஒரு பாய் கடையின் முன்பக்கம். பயணப்பெட்டி, பள்ளிப்பை விற்கும் கடை. பாய்க்கு அறுபது தாண்டியிருக்கும். நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். என் வேனின் மூக்கு தெருமுனையில் தெரிந்ததுமே எழுந்துவிடுவார்.

"என் கடைய மறைச்சிட்டா நான் யாருக்கு விக்கிறது? உன் வேனுக்கா?"

"அஞ்சே நிமிஷம் பாய்."

"உன் அஞ்சு நிமிஷத்துலயே நான் கெழவனாயிட்டேன் லா!"

"நிழல் குடுக்கிறேன் பாய். வாடகையா கேட்டேன்?"

தினமும் இதுதான். அவர் ஏசுவார், நான் சிரித்துக்கொண்டே ஓடுவேன். ஆனால் எங்கள் இருவருக்கும் தெரிந்த, இருவரும் வாய் திறந்து சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஆட்கள் அவர் கடைக்கு வருவார்கள், பெட்டியை உருட்டிப் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், "அப்புறம் வரேன் பாய்" என்று போய்விடுவார்கள். சில நாள் கழித்து அதே மாதிரிப் பெட்டி ஆன்லைன் பார்சலாக என் வேனில் அவர் கடையைத் தாண்டிப் போகும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் எனக்குத் திருவிழா. பாய் கடையை அடைத்துவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார். ஏச ஆளில்லை. அன்றும் அவர் கடையை ஒட்டி ராஜா மாதிரி வேனை நிறுத்தினேன். நல்ல மழை. அடுத்துக் கொடுக்க வேண்டிய பார்சல் அடியில் போய்ச் சிக்கியிருந்தது. பின்னால் ஏறி அட்டைப்பெட்டிகளை நகர்த்தினேன். சாரல் உள்ளே அடித்தது. பார்சல் நனைந்தால் என் தலையில்தான் விடியும் என்று கதவைக் கொஞ்சம் இழுத்தேன். ஒரு சாண் இடைவெளி விட்டுத்தான் இழுத்தேன். காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது.

'டக்.'

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சாவி கால்சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. அதை எடுத்துக் கதவின் உள்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தேன், பேன் பார்க்கிற மாதிரி. சாவி இருக்கிறது, போட ஓட்டை இல்லை. கைப்பேசி? அது வழிகாட்டிக்கொண்டு முன்னால் கண்ணாடியோரம் நிற்கிறது. நடுவில் இரும்புத் தடுப்பு.

அப்போதும், கத்தினால் யாராவது வருவார்கள் என்று தைரியமாகத்தான் இருந்தேன். கத்தினேன். கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மழை விட்டதும் எதிர்க்கடை ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியது. யாரோ காதலியைக் கூப்பிட்டு உருகினார். நான் "கதவத் தொறங்க" என்று உருகினேன். அவர் குரல்தான் எடுபட்டது.

பிறகு வெயில் வந்தது. மழைக்குப் பிந்தைய பினாங்கு வெயில் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரும்புக் கூரை சுட ஆரம்பித்தது. நனைந்த அட்டையிலிருந்து ஆவி கிளம்பியது. சட்டையைக் கழற்றினேன். மூச்சு பாதியிலேயே திரும்பி வந்தது. அதுவரை இருந்த கோமாளி ஆவியோடு போய்விட்டான். அழுதேன். அம்மா என்றேன். எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். என்றைக்கும் எட்டிப் பார்க்காத கோயில்களுக்கெல்லாம் அன்று வேண்டுதல் வைத்தேன். நான் செத்துப்போனால் செயலியில் 'பெறுபவர் இல்லை, பார்சல் திருப்பி அனுப்பப்பட்டது' என்று போடுவார்களோ என்றுகூட நினைத்தேன். இப்போது சொல்ல வேடிக்கையாக இருக்கிறது. அப்போது அதை நினைத்துத்தான் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

முன்னால் கைப்பேசி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. கிடங்கிலிருந்து கண்காணிப்பாளர் என்று தெரியும். அவர் கணினியில் என் வேன் ஒரு புள்ளி. எந்தத் தெரு, எந்தக் கடை வாசல் என்று அடி பிசகாமல் அவருக்குத் தெரியும். அந்தப் புள்ளிக்குள் ஒருவன் வெந்துகொண்டிருக்கிறான் என்பதை மட்டும் அது காட்டாது.

வாடிக்கையாளர் பார்சலைப் பிரிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் சட்டம். பிரித்தேன். சுத்தியலோ விசிலோ கிடைக்காதா என்று நகத்தால் கிழித்தேன். முதலில் வந்தது ஒட்டுகிற செயற்கை நகம். அடுத்தது குழந்தை நடந்தால் கீச்சிடும் செருப்பு. அதைக் கையில் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் தரையில் அமுக்கிப் பார்த்தேன் என்பதை என் கூட்டாளிகளிடம் இன்றுவரை சொல்லவில்லை. பெரிய அட்டைப்பெட்டியைக் கிழித்தபோது ஒரு நீலப் பயணப்பெட்டி வந்தது. அதன் இழுக்கும் கம்பியை நீட்டி வேன் சுவரில் இடித்தேன். கை ஓய்ந்தது. உட்கார்ந்தபடி இடித்தேன். பிறகு படுத்தபடி. தரையில் ஓரிடத்தில் ரப்பர் அடைப்பு கழன்ற சின்ன ஓட்டை இருந்தது. அதில் மூக்கை வைத்துத் தெருவின் காற்றை உறிஞ்சிக்கொண்டே இடித்தேன். சத்தம் எனக்கே மெதுவாகக் கேட்டது.

ஒரு கட்டத்தில் இடிப்பதை நிறுத்திவிட்டேன். தூக்கம் வந்தது. நல்ல தூக்கம் மாதிரி இருந்ததுதான் பயங்கரம். கடைசியாக ஒரு தரம் கம்பியைத் தூக்கிப் போட்டேன்.

"யாரு உள்ள?"

"நான்தான் பாய்."

"நீயா? உள்ள என்னா பண்ணுற?"

"பூட்டிக்கிச்சு பாய். மூச்சு முட்டுது."

"அலாமாக்! சாவி எங்க?"

"என்கிட்டதான்."

"அப்ப தொறயேன்!"

"உள்ள ஓட்டை இல்ல பாய்."

தரையில் இருந்த ஓட்டையைப் பற்றிச் சொன்னேன். சாவி வளையத்தில் ஒரு பித்தளைப் பிள்ளையார் தொங்கினார். அவர் ஓட்டைக்குள் நுழையவில்லை. மன்னிப்புக் கேட்டு அவரைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் சாவியைக் கீழே விட்டேன். அது நடு வேனுக்கு அடியில், சாக்கடை பொங்கி நின்ற கறுப்புத் தண்ணீரில் விழுந்தது. 'ப்ளக்' என்ற சத்தம் எனக்குக் கேட்டது. அதோடு என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

கதவு திறந்தபோது எனக்கு முதலில் கண் தெரியவில்லை. பிறகு பாயைப் பார்த்தேன். தொழுகைக்குப் போட்டிருந்த வெள்ளை ஜிப்பா மார்பிலிருந்து முழங்கால்வரை கறுப்பாகியிருந்தது. தாடியில் சேறு. முட்டிவலி என்று நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே முனகுகிறவர், வேனுக்கு அடியில் படுத்துத் தவழ்ந்து தண்ணீரைத் துழாவியிருக்கிறார்.

என்னைக் கைத்தாங்கலாக இறக்கித் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார், தலையில் ஊற்றினார்.

"உன்ன ஏசத்தான் உக்காந்திருந்தேன்" என்றார். "ஜும்மா முடிஞ்சு வந்து பாத்தா கடைய மறைச்சு நிக்குது. இன்னிக்கி விடுறதில்லன்னு நாலு வார்த்த யோசிச்சு வச்சிருந்தேன். நீ வரவே இல்ல. எங்கயோ டொக்கு டொக்குன்னு கேட்டுது."

"எதிர்ல அவ்ளோ பாட்டு ஓடுதே பாய். எப்படிக் கேட்டுச்சு?"

அவர் தன் கடைக்குள் திரும்பிப் பார்த்தார். விளக்கு எரிந்தது. பெட்டிகள் வரிசையாக நின்றன. ஆள் இல்லை.

"யாவாரம் இருந்திருந்தா கேட்டிருக்காது தம்பி."

அதைச் சொல்லிவிட்டு வேனின் கதவைச் சாத்தப் போனவர், உள்ளே கிடந்த நீலப்பெட்டியைப் பார்த்து நின்றார்.

"இது என் கடையிலயும் இருக்கு. இதே நெறம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். "ஐயோ அண்ணே" என்று பதறினார். உண்மையாகத்தான் பதறினார். பிறகு மெதுவாக, "மிச்ச பார்சல் இன்னிக்கு முடிஞ்சிருமா அண்ணே?" என்று கேட்டார். அவரை என்ன சொல்வது? அவரும் யாருடைய கணினியிலோ ஒரு புள்ளிதான்.

மகள் படிக்க வெளியூர் போக இருந்தாள். அவளுக்குப் பெட்டி பாய் கடையில்தான் என்று அன்றிரவு வீட்டில் சபதம் போட்டேன். மனைவி முழித்தாள். ஏற்கெனவே ஆன்லைனில் வாங்கிவிட்டாளாம். இரண்டு நாளில் அது என் வேனிலேயே வந்தது. என் வீட்டுக்கு நானே கொண்டுபோய், என் மனைவியிடமே கையெழுத்து வாங்கினேன். அன்று பாய் கடை வாசலில் வேனை நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை.

சில மாதத்தில் பாய் கடையைக் காலி செய்துவிட்டார். மகன் வீட்டுக்குக் கெப்பாலா பத்தாஸ் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். கடைசி நாள் நான் போகவில்லை. எனக்கு வேறு வழித்தடம் போட்டிருந்தார்கள். போயிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

அந்தக் கடையை இப்போது எங்கள் கம்பெனி வாடகைக்கு எடுத்திருக்கிறது. விடியற்காலையில் ஒரு லாரி வந்து எல்லாப் பார்சலையும் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து மின்சார மூன்று சக்கர வண்டிகள் சந்து சந்தாகக் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. வாசலை மறைக்கும் வேன் இல்லை, புகை இல்லை, சண்டை இல்லை. நல்ல ஏற்பாடு, பொய் சொல்ல மாட்டேன். வேனைக் கண்டாலே எனக்கு வியர்க்கிறது என்று கெஞ்சிக் கேட்டு, அங்கேயே பார்சல்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்கும் வேலைக்கு மாறிவிட்டேன். பாய் நாற்காலி போட்டிருந்த இடத்துக்கு நேர் உள்ளே என் மேசை இருக்கிறது.

காலையிலிருந்து மாலைவரை அங்கே ஸ்கேனர் 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டே இருக்கும். தலை நிமிர நேரமிருக்காது. ஆனாலும் மத்தியானத்தில் ஒரு தரம், "கொஞ்சம் நிப்பாட்டுங்க லா" என்று எல்லோரையும் நிறுத்திவிட்டு, வாசலில் போய் நின்று தெருவைக் காது கொடுத்துக் கேட்கிறேன். அண்ணனுக்குக் கழன்றுவிட்டது என்று சிரிக்கிறார்கள்; நானும் சேர்ந்து சிரிக்கிறேன். இன்று யாராவது ஒருவன் எங்காவது மாட்டிக்கொண்டு உள்ளிருந்து தட்டினால், வியாபாரம் இப்படி அமோகமாக நடக்கும் எங்கள் கடைக்கு அது கேட்காது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.