உப்புத் தண்ணீர் குடித்த செயலாளர்

தங்கராசு அண்ணன் இறந்த செய்தியை ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். "எங்கள் முன்னாள் மாவட்டச் செயலாளர்" என்று அந்தக் குரல் இழுத்தபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவரை முன்னாள் ஆக்கியதே இந்தக் கட்சிதான். இப்போது படத்திறப்பு மலருக்கு என்னிடம் நாலு வரி கேட்கிறார்கள். நல்லதை மட்டும் எழுத வேண்டுமாம். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். நடந்ததைத்தான் எழுதத் தெரியும்.

எங்கள் ஊர் திருவாரூருக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய கடைமடை. பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலத்தில் இறால் பண்ணை வந்தது. ரிப்பன் வெட்டியவர் அண்ணன்தான். "வெளிநாட்டுக்கு எதுக்குய்யா போறீங்க? வெளிநாடே நம்ம ஊருக்கு வருது!" என்று பேசினார். ஊரே கை தட்டியது.

வந்தது உப்பு. பண்ணைத் தண்ணீர் வடிகாலில் இறங்கி, வயலில் ஊறி, தெருக் கிணற்றுக்கும் வந்துவிட்டது. நட்ட பயிர் கருகியது. குடிதண்ணீருக்கு அடுத்த ஊருக்குக் குடத்தோடு நடந்தோம். அண்ணனிடம் போய்ச் சொன்னால், "பார்க்கலாம்" என்றார். அவர் பார்ப்பதற்குள் என் மூத்தவன் வயலை விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டான். அந்த "பார்க்கலாம்" என்ற சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தேர்தல் வந்தது. அண்ணன் வேட்பாளர். பண்ணை மேனேஜரையும் கூட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்க வந்தார். மற்றப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்க, நான் கிணற்றில் மொண்ட செம்போடு போனேன்.

"வாங்கண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க."

ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார். துப்புவார் என்றுதான் தெருவே காத்திருந்தது. அவர் அண்ணாந்து செம்பைக் காலி செய்தார்.

"இதைத்தான் குடிக்கிறீங்களா பாக்கியம்?"

"குடிக்க முடியலண்ணே. அதான் உங்களுக்குக் குடுத்தேன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. செம்பை என்னிடம் நீட்டி, "மேனேஜர் சாருக்கும் ஒரு செம்பு மொண்டு குடும்மா" என்றார். சார் அதற்குள் காருக்குப் போய்விட்டார்.

மறுநாள் அண்ணன் மண்வெட்டியோடு வந்து, பண்ணைத் தண்ணீர் வடிகாலில் விழும் வாயை அடைத்தார். நாங்கள் மண் சுமந்தோம். போலீஸ் வந்து கேட்டதற்கு, "திறந்து வச்சவன் நான்தானே சார், நானே மூடுறேன்" என்றார்.

பண்ணை முதலாளி கட்சி மேலிடத்துக்கு வேண்டியவர். கட்சிக்காரர்கள் பிரசாரத்திலிருந்து கழன்றுகொண்டார்கள். அண்ணன் தோற்றார், பதவியும் போயிற்று. அடைத்த வாயைத் திறக்க நாங்கள் விடவில்லை. கடைசியில் பண்ணைதான் மூட்டை கட்டியது.

பிறகு ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, "அன்னிக்கு நீ மோர் குடுத்திருந்தா நான் எம்.எல்.ஏ. ஆயிருப்பேன் பாக்கியம்" என்றார்.

"ரிப்பன் வெட்டுனவங்களுக்கு எங்க வீட்டுல மோர் கிடையாதுண்ணே" என்றேன். பந்தியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

பல மழை பெய்து கிணறு தெளிந்துவிட்டது. சாவுக்குப் போகும்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரை அதே செம்பில் மொண்டு, வாயைத் துணியால் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவரைக் குளிப்பாட்டும் தண்ணீரில் அதையும் ஊற்றச் சொன்னேன்.

என் மகன் இன்னும் சிங்கப்பூரில்தான் இருக்கிறான்; அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. அதனால் செம்பைத் திருப்பி எடுத்துவந்துவிட்டேன். இனி எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர் யாரானாலும், அந்தச் செம்பில்தான் தண்ணீர் கொடுப்பேன்.