கோழி ரெபானில் ஒரு குண்டு பல்பு

சிம்பாங் ரெங்கம் டவுனில் எந்த வீட்டில் லைட் எரியவில்லை என்றாலும் ஒயர்மேன் கமலநாதனைத்தான் கூப்பிடுவார்கள். கூடப் பிறந்த அக்கா யோகேஸ்வரி மட்டும் கூப்பிடமாட்டாள். ஏழு வருஷமாக அவள் வீட்டுக் கோழிக் கூண்டான ரெபானில் பல்பு போனால், முழங்கால் வலியோடு ஸ்டூலில் ஏறி அவளே மாற்றிக்கொள்வாள். அவன் கீழே நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? ஒரு நாள் நன்றாகத் திட்டித் தீர்த்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அவள் திட்டவும் இல்லை.

தப்பு அவனுடையதுதான்.

யோகேஸ்வரி செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பிறந்தவள். புருஷன் செல்லப்பன் தலையில் செம்பனைக் குலை விழுந்து செத்தபோது மகள் ஷாமளாவுக்கு நாலு வயசு. டவுனுக்கு வந்து கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி, வளர்த்தாள். பிறந்து ஒரு நாளான குஞ்சுகளைப் பெட்டியோடு வாங்கி வருவாள். தாய்க்கோழி இல்லாத குஞ்சுகள். ரெபானில் ஒரு குண்டு பல்பைத் தாழத் தொங்கவிட்டு, சாண் போட்டு அளந்து, அந்தச் சூட்டில்தான் பிழைக்க வைப்பாள். ஷாமளாவை நர்ஸுக்குப் படிக்க வைத்தது அந்தக் கோழிகள்தான். முனியாண்டி பூசைக்குச் சேவல் வேண்டுமென்றால் ஊரே அவள் வாசலில்தான் வந்து நிற்கும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளிக்கு, கரண்டு பில் குறையட்டும் என்று கமலநாதன் அவள் வீடு முழுக்க எல்.இ.டி. மாட்டினான். ஹால், அடுப்படி, சாமி மேடை, கடைசியில் ரெபான். அவள் ரெபான் பல்பைத் தொட்டுப் பார்த்தாள்.

“என்னடா, சூடே இல்ல?”

“அதாங்க்கா இதோட விசேஷம். நாள் முழுக்க எரிஞ்சாலும் கை சுடாது லா.”

“குஞ்சுக்குப் பத்துமாடா?”

“பழசவிட ரெண்டு மடங்கு வெளிச்சம்க்கா!”

“பெரிய என்ஜினீரு,” என்று சிரித்தாள். அவள் சூட்டைக் கேட்டாள், இவன் வெளிச்சத்தைச் சொன்னான். தம்பி தொழில் தெரிந்தவனாயிற்றே என்று நம்பிவிட்டாள்.

மறுவாரம் மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. ரெபானைச் சாக்குப் போட்டு மூடித்தான் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில், பளிச்சென்று எரிந்த லைட்டுக்கு அடியில், இருபத்து மூன்று குஞ்சும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விறைத்துக் கிடந்தன.

அவன் ஓடிப் போனபோது வாழைக்கு அடியில் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். மண்வெட்டியைக் கேட்டான். தரவில்லை. பல்பைத் துடைத்து அவன் கையில் கொடுத்து, “நல்ல பல்புதான். வாசல்ல மாட்டு,” என்றாள். அப்புறம் உள்ளே போய் அவனுக்குத் தேத்தண்ணி கலக்கினாள். அவ்வளவுதான்.

இந்த வருஷம் அவளுக்கு இருதயம் பலமிழந்துவிட்டது. கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. ஷாமளா சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தாள். ரெபானில் பத்து நாள் குஞ்சுகள். வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம் அங்கே பல்பு போய்விட்டது.

“நான் மாத்திடவாம்மா?” என்றாள் ஷாமளா.

“நீ வேணாம். மாமாவுக்குப் போன் போடு.”

கமலநாதன் வந்தான். அலமாரியிலிருந்த மைலோ டின்னைத் திறக்கச் சொன்னாள் அக்கா. பழந்துணியில் சுற்றிய ஒரு குண்டு பல்பு.

“அலமாக், இது இப்ப கடையில தேடினாலும் கிடைக்காதேக்கா!”

“தெரியும். அதான் உன் கண்ணுல படாம ஒளிச்சு வெச்சேன்.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. “அன்னைக்கு என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்லக்கா?”

மூச்சு வாங்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள். “திட்ட வாயத் தொறந்திருந்தா நிப்பாட்டியிருக்க மாட்டேன்டா. எனக்குன்னு இருக்கிறது ஒரே தம்பி.”

தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்தது. அக்கா அவனிடம் கடைசியாகச் சொன்ன வேலை இதுதான்:

“போ, நீயே மாட்டு. ஒரு சாண் அளந்து தொங்கவிடு. அடியில கைய வெச்சு, சூடு வருதான்னு பார்த்துட்டு வந்து சொல்லு.”