குணவதி அக்கா எடுக்காத பாயின்ட்

செய்தி வந்தபோது பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். கார்த்திகா பின்னால் வந்து நின்று, "குணவதி அக்கா செத்துட்டாங்களாம்டி" என்றாள். "எந்தக் குணவதி அக்கா?" என்று கேட்டேன். பாகூரில் எங்கள் இருவருக்கும் தெரிந்த குணவதி அக்கா ஒருவர்தான். இருந்தும் கேட்டேன். "கேம் கடை அக்காதான்டி. நாலு நாளா ஜுரமாம். காலைல ஆஸ்பத்திரிலயே போயிட்டாங்களாம்." அக்காவுக்கு முப்பத்தாறு வயது. கழுவிய குழாயையே மறுபடியும் கழுவினேன்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், நூலகம் இருக்கும் வாடகைக் கட்டிடத்தின் மாடியில் அக்கா நடத்திய வீடியோ கேம் கடைக்கு வந்துபோன உங்களுக்காக இதை எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி எழுதும்போது இனிமையாக எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு இனிமை வரவில்லை. இந்த மூன்று வாரமும் எனக்கு வந்ததெல்லாம் அருவருப்புதான். அதில் பெரும்பகுதி என் மேல்.

அக்காவை நான் முதலில் பார்த்ததே சண்டை போடப் போனபோதுதான். அப்போது எட்டாம் வகுப்பு. கீழே நூலகத்தில் உட்கார்ந்தால் மேலே துப்பாக்கிச் சத்தமும் கத்தலும் ஓயாது. ஒரு சனிக்கிழமை, படித்த பக்கத்தில் விரலை வைத்து மூடிய புத்தகத்தோடு படியேறிப் போய், "கீழ நாங்க படிக்கிறோம், இங்க இவ்ளோ சத்தம் போடறது தப்பு" என்றேன். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு கன்ட்ரோலரைத் திருப்புளியால் பிரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"இன்னா புக்கு அது?"

"கடல்வாழ் உயிரினங்கள்."

"அது எங்கயும் நீந்திப் போயிடாது. உள்ள வந்து ஒரு லைஃப் ஆடு. ஆடிட்டும் கோவம் இருந்தா சொல்லு, சத்தத்த கொறைக்கிறேன்."

ஆடினேன். ஆரம்பித்த உடனே ஒரு பள்ளத்தில் விழுந்து செத்தேன். கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. அக்கா சொன்னபடியே சத்தத்தைக் குறைத்தார். அந்தக் கடையில் தொலைக்காட்சிகள் எல்லாம் ஏன் முணுமுணுத்தன என்று உங்களில் சிலர் அக்காவிடம் சலித்துக்கொண்டது எனக்குத் தெரியும். காரணம் நான்தான்.

கடையில் ஐந்து பழைய கேம் பெட்டிகள் இருந்தன. அவற்றோடு சேராத பொருள் ஒன்றும் இருந்தது. அதை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் மூடி வைத்திருப்பார். உள்ளங்கை அளவு கறுப்புப் பிளாஸ்டிக். அதைக் கேம் பெட்டியில் செருகி, அதன் தலையில் விளையாட்டுக் கேசட்டைச் செருக வேண்டும். திரையில் வெறும் கட்டங்கள் வரும். அவற்றில் குறியீட்டை எழுத்து எழுத்தாக அடித்தால் சாகாத உயிர், தீராத குண்டு, பூட்டிய கதவுகள் திறப்பது என்று கேட்டதெல்லாம் கிடைக்கும். ஓர் எழுத்து தவறினால் திரை முழுக்கக் கோடு கோடாக ஓடி அப்படியே நின்றுவிடும். மறுபடியும் முதல் எழுத்திலிருந்து அடிக்க வேண்டும். எல்லாவற்றையும் சரியாக அடித்த பிறகு யாராவது பெட்டியை இடித்தாலும் போச்சு.

அக்கா அதற்கு வைத்த பெயர் எலி. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல இரண்டே விரலால்தான் எடுப்பார். மூக்கு சுருங்கிவிடும். "இத கண்டுபுடிச்சவன் கைல கெடச்சான்னா, சாவே இல்லாத ஆட்டம் ஒண்ணு போட்டுக் குடுத்து, முடியறவரிக்கும் எழுந்துக்காதன்னு ஒக்கார வெச்சிடுவேன்" என்பார்.

சுவரில் இருந்த கரும்பலகையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எந்த ஆட்டத்தில் யார் எவ்வளவு பாயின்ட் எடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும். எலியை வைத்து எடுத்த பாயின்ட் என்றால் பெயருக்குப் பக்கத்தில் "ஓசி" என்று எழுதுவார். கெஞ்சினாலும் அழிக்க மாட்டார். கல்லூரிக்குப் போகிற அண்ணன் ஒருவர், "யக்கா, அந்த ஓசிய மட்டும் அழிச்சிடுக்கா. ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெக்கணும்" என்று பின்னாலேயே சுற்றினார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெச்சிக்கோயேன். ஓசியும் சேந்து தெரியறா மாதிரி வெச்சிக்கோ. பந்தில துன்னுட்டு வந்து நான்தான் சமைச்சேன்னு சொல்லுவியா நீ?"

இவ்வளவு வெறுத்த பொருளை ஏன் தூக்கி எறியவில்லை என்று எனக்கு நெடுநாள் புரியவில்லை. மணப்பட்டிலிருந்து வரும் செல்வராசு மாமாவைப் பார்த்த பிறகு புரிந்தது. வலை இழுக்கும் இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல்களை இழந்தவர் அவர். கடலுக்குப் போகாத நாட்களில் விமான விளையாட்டு ஆட வருவார். மிச்ச விரல் பொத்தானுக்கு வந்து சேர்வதற்குள் விமானம் விழுந்துவிடும். அதனால் அவர் படியேறும் சத்தம் கேட்டதுமே அக்கா டப்பாவைத் திறந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே, குறியீட்டை அடித்துத் தயாராக வைத்துவிடுவார்.

நான் அப்போது நேர்மை பற்றிய பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியிருந்தேன். "மாமா ஆடறதும் ஏமாத்துதானேக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை, எலியைப் பார்க்கும் அதே பார்வை.

"அவரு வெரல மிசினு துன்னுச்சே, அதுகிட்ட போயி நாயம் கேட்டியா நீ?"

மாமாதான் சிரித்தார். "வுடும்மா, புள்ள கரெக்டாத்தான் கேக்குது. எனக்கும் ஓசி போடு. இல்லன்னா எவனாவது என்னை சாம்பியன்னு சொல்லிடப் போறான்." அக்கா மனமில்லாமல் பொடி எழுத்தில் போட்டார். "பெருசா போடும்மா, எனக்குக் கண்ணும் செரியா தெரியாது" என்றார் மாமா.

செலியமேட்டில் கார்த்திகாவின் வீட்டில் நெல்லும் கரும்பும் பயிர் செய்கிறார்கள். அவள் கடையில் ஆடியதும் பயிர் விளைவிக்கும் விளையாட்டுதான். "வூட்டுலயும் அதான், இங்கயும் அதானா?" என்று அக்கா கிண்டல் செய்வார். ஒரு கோடை விடுமுறையில் மூன்று வாரம் உட்கார்ந்து கிணறு, களம், பன்னிரண்டு மாடு எல்லாம் சேர்த்து, அந்தக் கேசட்டிலேயே பதிந்து வைத்திருந்தாள். அவள் பிறந்தநாளுக்கு நான் இன்ப அதிர்ச்சி கொடுக்க நினைத்தேன். எல்லா நிலமும் அவளுக்குச் சொந்தமாகும் குறியீட்டை இணையத்தில் தேடி, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போய், அவள் வருவதற்கு முன் எலியைச் செருகி அடித்தேன். ஓர் எழுத்துகூடத் தவறவில்லை. திரையில் கோடு ஓடியது. அணைத்துப் போட்டபோது கிணறும் இல்லை, மாடும் இல்லை. நான் எழுதியது வேறு நாட்டில் விற்ற கேசட்டுக்கான குறியீடு.

"நட்டு வெச்ச வயல்ல மாட்ட ஓட்டி வுட்டுட்டியேடி" என்றார் அக்கா.

"நோட்டுல சரியாத்தான்க்கா எழுதியிருக்கேன்."

"நோட்டுல சரிதான். இந்தக் கேசட்டு உன் நோட்ட படிச்சுதா?"

கார்த்திகா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு மாதத்தில் நானே எலியை வைத்து ஓர் ஆட்டத்தை முடித்தேன். என்னைச் சுட்டார்கள், சாகவில்லை. பள்ளத்தில் விழுந்தேன், சாகவில்லை. கடைசிக் கட்டத்தில் கை ஆடிக்கொண்டிருக்க, கண் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்துத் தின்றதுபோலக் குமட்டியது. அக்கா பலகையில் என் பெயரை எழுதி, ஓசி என்று போட்டார்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். பழுது பார்த்த கன்ட்ரோலரைச் சோதிக்க அக்கா எலியைப் பயன்படுத்துவார். செத்துச் செத்துத் தொடங்க வேண்டியதில்லை, எல்லாப் பொத்தானையும் பொறுமையாக அழுத்திப் பார்க்கலாம். "இந்த ஒரு வேலைக்குத்தான் இது உருப்படி" என்பார். ஒருநாள் அப்படிச் சோதித்தபோது பாயின்ட் ஏறி ஏறி 99,99,999 என்று முட்டி நின்றது. அதற்கு மேல் எண்ணத் தெரியாமல் திரை திணறியதைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் அம்மாவின் கைபேசியில் படம் எடுத்தேன். முன்னால் அக்காவின் சிரிப்பு, பின்னால் அந்த எண்.

"அழிச்சிடுடி. யாராவது பாத்தா நான் எடுத்த பாயின்ட்டுன்னு நெனைப்பாங்க."

"சரிக்கா" என்றேன். அழிக்கவில்லை. அக்கா சிரிக்கும் படம் வேறு இல்லை என்பது என் நியாயம்.

சாவு வீட்டில் அக்காவின் தம்பி ரமேஷ் அண்ணன், "எல்லா ஃபோட்டோலயும் மொறைச்சிகினே இருக்கா. யார்கிட்டயாவது நல்லதா ஒண்ணு இருக்குதா?" என்று கேட்டார். அந்த அழுகைக்கு நடுவில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: என்னிடம் இருக்கிறது. அனுப்பினேன்.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் பேனர் நின்றது. நீங்களும் பார்த்தீர்கள். அக்காவின் முகத்தை வெளுப்பாக்கி, வாழ்நாளில் அவர் கட்டாத ஒரு பட்டுப்புடவை உடம்பின் மேல் ஒட்டியிருந்தார்கள். இரண்டு புறாக்கள், மேகம், கண்ணீர்த் துளி. அதன் கீழே: "எல்லா விளையாட்டிலும் 99,99,999 புள்ளிகள் பெற்ற ஈடு இணையற்ற வீராங்கனை." பக்கத்தில் ஒருவர் அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே, "நம்ம அக்கா கெத்துடா" என்றார். ஓசிக்கு ஓசி என்று எழுதிய ஒரே ஆளின் சாவில், ஊரே பார்க்க, ஓசிப் பாயின்ட். கொடுத்தது நான்.

செல்வராசு மாமா பேனருக்கு முன்னால் வெகுநேரம் நின்று, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என் பக்கம் வந்தார். "இது எலிதான?"

தலையாட்டினேன்.

"அப்ப போயி சொல்லு. அவங்க வூட்ல சொல்லு."

போக எனக்குப் பத்து நாள் ஆனது. போனபோது ரமேஷ் அண்ணன் பதினாறாம் நாள் காரியத்துக்கான பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவற்றிலும் அதே வரி. நின்றபடியே சொல்லிவிட்டேன். அண்ணனின் முகம் கறுத்தது.

"செத்தவள ஏமாத்துக்காரின்னு சொல்றியா? காரியத்துக்கு முன்னாடி வந்து சொல்ற பேச்சா இது?"

"அக்கா ஏமாத்தலண்ணா. இந்த வரிதான் ஏமாத்துது. அந்த ஃபோட்டோவ அழிக்கச் சொன்னாங்க. நான்தான் அழிக்கல."

"ஊர்ல எல்லாம் பெருமையா பேசிகினு இருக்கான். யாருக்குத் தெரியப் போவுது?" பிறகு குரலை இறக்கி, "சரி, நெஜமா எவ்ளோதான் எடுத்தா? அதையாவது போட்டுக்கலாம்" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. கரும்பலகையில் அக்காவின் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. சமையலறை வாசலில் சுருண்டு படுத்திருந்த அக்காவின் அம்மா எழுந்து உட்கார்ந்தார்.

"எங்க எடுத்தா? தெனம் காலைல இங்க ஒரு பொட்டிய வெச்சிகினு ஆடுவா. அந்தப் பூதம் வர்ற எடத்துல செத்துடுவா. 'யம்மா, இன்னிக்கும் தோத்துட்டேம்மா'ன்னு சொல்லிட்டுத்தான் பல்லு வெளக்கப் போவா. பத்து வருசமா அதே பூதம்."

"எலி அவ கைலயே இருந்துச்சே. போட்டுத் தாண்டியிருக்கலாமே?" என்றார் அண்ணன்.

"போட்டிருந்தா பூதம் செத்திருக்கும். அதுக்கா ஆடுனா?"

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் அழுத்திக் கோடு போட்டார். அடுத்ததை எடுத்தார். எனக்கும் ஒரு பேனா தேடிக் கொடுத்தார். கோடு அடித்தவற்றை அம்மா வாங்கி மை காயப் பரப்பினார். "கோணலா போடற பாரு, பேரு மேல இழுத்துடாத" என்று என்னைத் திட்டினார். கட்டு கட்டாக அடித்து முடிக்க மாலை ஆனது. மறுநாள் பேனரையும் அண்ணனே ஏறி அவிழ்த்தார்.

பத்திரிகையில் அந்தக் கறுப்புக் கோடு எதற்கு, அச்சுப் பிழையா என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். பிழைதான். அச்சகத்தினுடையது அல்ல, என்னுடையது. படத்தை இப்போதாவது அழிக்கலாமா என்று அக்காவின் அம்மாவிடம் கேட்டேன். "எம்பொண்ணு சிரிக்கிறா, வெச்சிரு" என்றார். வைத்திருக்கிறேன். அக்கா கேட்டதை நான் இன்னும் செய்யவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

போன வாரம் தமிழாசிரியை என் கட்டுரையை வெளியூர்ப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்து வகுப்பில் உரக்க வாசித்தார். அதில் இரண்டு பத்திகள் நூலகப் புத்தகத்திலிருந்து நான் எடுத்துச் சொற்களை மட்டும் மாற்றியவை. அந்த இடம் வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மூக்கு சுருங்கியது. எழுந்து நின்று, "அந்த ரெண்டு பத்தி என்னோடது இல்ல மிஸ்" என்றேன். ஆசிரியை தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு வேறொருத்தியின் கட்டுரையை எடுத்தார். உட்கார்ந்தபோது பெருமையாக எல்லாம் இல்லை. குமட்டல்தான் இருந்தது. குணவதி அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அது என்னை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும்.